வாளியில் விழுந்த கூழாங்கல்

அடுப்பில் தண்ணீரை வைத்து, கொதி வருவதற்கு வெகு முன்பே ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைத் தூவிப் பாருங்கள். தூள் ஓரிடத்தில் நிற்காது. நடுவில் மேலே வரும், ஓரத்துக்கு ஓடும், சுவரை ஒட்டி இறங்கும், அடியைத் தடவிக்கொண்டு மறுபடி நடுவுக்கு வரும். யாரும் கரண்டி போட்டுக் கலக்கவில்லை. சூடான நீர் லேசானது, அதனால் மேலே போகிறது என்று பள்ளியில் சொல்லித் தந்திருப்பார்கள். இதற்கு இயற்கை வெப்பச்சலனம் என்று பெயர். மின்விசிறியோ பம்போ தள்ளாமல், வெப்பம் மட்டுமே ஓட்டும் ஓட்டம்.

எவ்வளவு லேசு என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. 30 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரின் எடை 995.7 கிராம். 40 டிகிரியில் 992.2 கிராம். வித்தியாசம் மூன்றரை கிராம். ஒரு தேக்கரண்டி தண்ணீர்கூட அதைவிடக் கனம். இந்த அற்ப வித்தியாசம் பாத்திரம் முழுவதையும் எப்படி உருட்டுகிறது?

கல்லூரியில் இந்தப் பாடத்தை முதலில் படித்தபோது புத்தகம் என்னை ஏமாற்றுகிறது என்றே நினைத்தேன். முதல் பத்தியில் "பாய்மத்தின் அடர்த்தி மாறாது எனக் கொள்வோம்" என்று இருந்தது. பாய்மம் என்றால் ஓடக்கூடிய எதுவும். நீரும் சேர்த்தி, காற்றும் சேர்த்தி. அதே பக்கத்தின் கீழே "அடர்த்தி வித்தியாசத்தால் மிதப்பு விசை உண்டாகிறது" என்று இருந்தது. மழையே பெய்யவில்லை, ஆனால் நனைந்துவிட்டேன் என்று ஒருவன் சொல்வதுபோல. அடர்த்தி மாறாது என்றால் எது மிதக்கும்? மாறும் என்றால் மாறாது என்று ஏன் எழுத வேண்டும்? ஆசிரியரைக் கேட்டேன். "அப்படித்தான் போடுவார்கள், விடை சரியாக வரும்" என்றார். விடை சரியாகத்தான் வந்தது. எரிச்சல் மட்டும் போகவில்லை.

பிறகு புரிந்தது ஒரு கிணற்றடியில். கப்பியில் கயிறு, கயிற்றின் இரு முனையிலும் வாளி. இரண்டிலும் பத்துப் பத்துக் கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பியில் உராய்வே இல்லை என்றும் ஒப்புக்கொள்ளுங்கள். வாளிகள் அசையாமல் தொங்கும். இப்போது ஒரு வாளியில் சின்னக் கூழாங்கல்லைப் போட்டால் அது இறங்கும், மற்றது ஏறும். இழுப்பது யார்? கூழாங்கல் மட்டும்தான். இருபது கிலோ தண்ணீரின் எடை அதற்குள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டுவிட்டது. நகர்வது எது? இருபது கிலோவும் சேர்ந்து. அதனால்தான் வாளி தடதடவென்று விழாமல் மெதுவாக இறங்குகிறது.

கணக்குப் போடுகிறவன் இங்கே என்ன செய்வான்? "எவ்வளவு கனத்தை நகர்த்த வேண்டும்" என்ற கேள்வி வரும்போது கூழாங்கல்லைத் தாராளமாக மறந்துவிடுவான். இருபது கிலோவோடு பத்து கிராம் சேர்ந்தால் என்ன, சேராவிட்டால் என்ன? "எந்த விசை இழுக்கிறது" என்ற கேள்வியில் அதை மறந்தால் கதையே இல்லை. ஒரே கல்லை ஓரிடத்தில் விட்டுவிடுகிறோம், இன்னோரிடத்தில் விடுவதில்லை. கல்லின் அளவு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். எதிரே அதனோடு போட்டி போடுவது எது என்பதுதான் மாறுகிறது.

பாத்திரத்திலும் இதே கதைதான். ஒவ்வோர் அடுக்கு நீரின் எடையையும் அதற்குக் கீழே உள்ள நீரின் அழுத்தம் தாங்கிப் பிடித்திருக்கிறது. லிட்டருக்கு ஒரு கிலோ என்ற பெரிய எடை அந்த அழுத்தத்தோடு நேர்ப்பட்டுப் போகிறது. மிஞ்சுவது மூன்றரை கிராம். நகர வேண்டியது ஒரு கிலோ. தடை எதுவும் இல்லாவிட்டால் அந்தச் சூடான லிட்டர் முதல் நொடியில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் அளவுக்கு எழும்பும். மஞ்சள் தூளின் நிதானம் இதற்குப் பொருத்தமாகத்தானே இருக்கிறது?

இப்படிச் செய்வதற்குப் பூசினெஸ்க் தோராயம் என்று பெயர். அடர்த்தி மாற்றத்தை மற்ற எல்லா இடத்திலும் விட்டுவிடு, புவியீர்ப்பு பெருக்கும் இடத்தில் மட்டும் வைத்துக்கொள். பிரெஞ்சு அறிஞர் ஜோசப் பூசினெஸ்க் 1903இல் வெளியிட்ட வெப்பவியல் நூலில் இதை எழுதினார். ஜெர்மானியரான ஆண்டன் ஓபர்பெக் 1879லேயே இதைச் செய்துவிட்டார் என்பதால் நியாயம் பார்ப்பவர்கள் இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள்.

இந்தத் தோராயத்தால் வேறொரு லாபமும் உண்டு. அடர்த்தி மாறாத பாய்மத்தில் ஒலி பரவ முடியாது. ஒலி என்பதே நெருக்கமும் தளர்வுமாக ஓடும் அலைதானே. நிஜத் தண்ணீரில் ஒலி நொடிக்கு 1,500 மீட்டர் ஓடுகிறது. நாம் பார்க்க விரும்பும் ஓட்டமோ நொடிக்குச் சில மில்லிமீட்டர். ஒலியையும் விட்டுவைத்தால் கணினி அதைத் துரத்திக்கொண்டு நுணுக்கி நுணுக்கிக் கால அடி வைக்க வேண்டும். ஆமை நடையைப் படம்பிடிக்கத் தோட்டாவுக்கான கேமரா வைத்ததுபோல. பூசினெஸ்க் ஒலியைச் சமன்பாட்டிலிருந்தே வெளியேற்றிவிடுகிறார்.

இதுவரை விசைக் கணக்கு. ஆற்றல் கணக்கில்தான் கை தவறும்.

வீட்டு வரவு செலவு மாதிரி எழுதிப் பார்க்கலாம். வரவு: அடுப்பிலிருந்து வரும் வெப்பம். செலவு: மேற்பரப்பிலிருந்து வெளியேறும் வெப்பம். இருப்பு: நீரில் தங்கி அதைச் சூடாக்கும் வெப்பம். இவை பெரிய தொகைகள். இவற்றோடு இரண்டு சில்லறைத் தொகைகளும் உண்டு. ஒன்று உராய்வு. ஓடும் நீர் தன்னைத்தானே உரசிக்கொண்டு கொஞ்சம் சூடாகிறது. இன்னொன்று விரிவு. சூடான பொருள் விரியும்போது சுற்றியுள்ளதைத் தள்ளுகிறது, தள்ளுவதற்கு வேலை செய்ய வேண்டும், அதற்கும் ஆற்றல் செலவாகும்.

முதலில் உராய்வு. 1840களில் ஜேம்ஸ் ஜூல் எடைகளை விழவைத்து, அவை சுழற்றிய துடுப்பால் தண்ணீரைக் கலக்கி, வேலை எவ்வளவு வெப்பமாகிறது என்று அளந்தார். இன்றைய அளவில் சொன்னால், ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4,180 ஜூல் வேண்டும். அதே ஆற்றலைக் கொண்டு அந்தத் தண்ணீரை 427 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடலாம். ஒரே ஒரு டிகிரிக்கு அவ்வளவு உயரம்! வெப்பக் கணக்கு எவ்வளவு பெரிய நோட்டுகளில் நடக்கிறது, இயக்கக் கணக்கு எவ்வளவு சின்னக் காசில் நடக்கிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

நம் பாத்திரத்தில் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் நீர் என்று வையுங்கள். பத்து டிகிரி கூடுதலாகச் சூடான ஒரு லிட்டர் மேலே போகும்போது ஏறக்குறைய 41,500 ஜூல் வெப்பத்தைச் சுமந்து செல்கிறது. அந்த மூன்றரை கிராம் மிதப்பு விசை ஐந்து சென்டிமீட்டருக்குத் தள்ளிச் செய்யும் வேலையோ 0.0017 ஜூல். இரண்டரைக் கோடியில் ஒரு பங்கு. ஓட்டம் முழுவதும் இந்தச் சில்லறையில்தான் நடக்கிறது. கடைசியில் அதுவும் உராய்வில் கரைந்து வெப்பமாகவே திரும்பிவிடுகிறது. பாத்திரம் ஒரு வெப்ப இயந்திரம்தான், ஆனால் தன் பிரேக்கைத் தானே அழுத்திக்கொண்டு ஓடுகிற இயந்திரம். பூசினெஸ்க் கணக்கில் உராய்வு ஓட்டத்தை மட்டுப்படுத்தும். அது தந்த வெப்பம் மட்டும் எங்கும் வரவு வைக்கப்படாது. கறாரான தணிக்கையாளர் வந்தால் புத்தகம் ஒட்டவில்லை என்றுதான் எழுதுவார். இரண்டரைக் கோடி ரூபாயில் ஒரு ரூபாய் ஒட்டவில்லை.

இப்போது விரிவு. பெரிய பெரிய கெட்டிக்காரர்களும் இடறும் படி இது. பாத்திரத்தை விட்டுவிட்டு அறையில் இருக்கும் காற்றுக்கு வாருங்கள். ஒரு கிலோ காற்றை மூடிய கெட்டிப் புட்டியில் வைத்து ஒரு டிகிரி சூடாக்க 718 ஜூல் போதும். அதே காற்று சுதந்திரமாக விரியும்படி விட்டால் 1,005 ஜூல் வேண்டும். மிச்சம் 287 ஜூல் எங்கே போயிற்று? சுற்றியுள்ள காற்றைத் தள்ளி இடம் பிடிக்கப் போயிற்று. ஒரே காற்றுக்கு இப்படி இரண்டு தன்வெப்ப ஏற்புத்திறன்கள்: பருமன் மாறாதபோது ஒன்று, அழுத்தம் மாறாதபோது ஒன்று. ஆற்றல் கணக்கில் எதைப் போடுவது?

தோராயத்தை நம்பிய மாணவன் இப்படி வாதிடுவான்: "அடர்த்தி மாறாது என்று முன்னமே எழுதிவிட்டோம். அடர்த்தி மாறாவிட்டால் விரிவு பூஜ்யம். பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம். ஆகவே தள்ளும் வேலை கிடையாது. ஆகவே 718." குற்றம் சொல்ல முடியாத தர்க்கம். விடை தப்பு, சாதாரணத் தப்பில்லை, ஏறக்குறைய முப்பது சதவீதத் தப்பு.

எங்கே சறுக்கியது? விரிவு பூஜ்யம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. "ஓடும் காற்றின் அளவைக் கணக்கிடும்போது அந்த விரிவு பொருட்டில்லை" என்று மட்டுமே சொன்னோம். அறை வெப்பநிலையில் காற்று ஒரு டிகிரிக்கு முந்நூறில் ஒரு பங்கு விரியும். ஓட்டக் கணக்கில் அது தூசுதான். ஆற்றல் கணக்கில் அந்தத் தூசைப் பெருக்குவது வளிமண்டல அழுத்தம். ஒரு சதுர மீட்டர்மேல் பத்து டன் ஏறி நிற்பதற்குச் சமம். ஒரு கிலோ காற்று 0.86 கன மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அந்த இடத்தை லட்சம் பாஸ்கல் அழுத்தத்தால் பெருக்கினால் 86,000 ஜூல் வரும். அதில் முந்நூறில் ஒரு பங்கு எவ்வளவு? 287. காணாமல்போன தொகை அப்படியே கையில் வந்துவிட்டது. ஆகவே, நாம் சரி என்று கொள்ள வேண்டியது 1,005. சின்னதைப் பெரியதால் பெருக்கினால் சின்னதாகவே இருக்கும் என்று என்ன கட்டாயம்?

வாயுக்களில் இந்தத் தோராயத்தை எப்போது, எப்படிப் பயன்படுத்தலாம் என்று எட்வர்ட் ஸ்பீகலும் ஜார்ஜ் வெரோனிஸும் 1960இல் ஒரு கட்டுரையில் ஒழுங்காக வகுத்துக் காட்டினார்கள். தண்ணீரை மட்டுமே வைத்துப் பழகியவர்களுக்கு இந்தப் பொறி கண்ணிலேயே படாது. தண்ணீரின் இரண்டு ஏற்புத்திறன்களும் அறை வெப்பநிலையில் ஏறக்குறைய ஒரு சதவீதமே விலகுகின்றன. எந்த எண்ணைப் போட்டாலும் விடை சரிதான், காரணம்தான் தப்பு. பிறகு ஒருநாள் காற்றுக்கு வரும்போது மாட்டிக்கொள்வார்கள்.

சரி, இத்தனை தோராயமும் சரிதான் என்று எப்படித் தெரியும்? இதற்குப் பின்னால் அறிவியல் வரலாற்றின் வேடிக்கையான கதை ஒன்று இருக்கிறது.

1900இல் பாரிஸில் ஹென்றி பெனார் என்ற இளைஞர் தன் முனைவர் பட்டத்துக்காக, திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த மெழுகை உருக்கி, ஒரு மில்லிமீட்டர் அளவே கனமுள்ள படலமாக உலோகத் தட்டில் பரப்பி, அடியில் நீராவியால் சூடேற்றினார். படலம் தேன்கூடுபோல அறுகோண அறைகளாகப் பிரிந்தது. ஒவ்வோர் அறையிலும் நடுவில் ஏற்றம், ஓரத்தில் இறக்கம். வரைந்து வைத்த கோலம் மாதிரி அழகு.

1916இல் ரேலே பிரபு இதற்குக் கணக்குப் போட்டார். (அவரும் பூசினெஸ்கும் ஒரே வருடம், 1842இல், பிறந்தவர்கள்.) பூசினெஸ்கின் சமன்பாடுகளையே எடுத்துக்கொண்டு, மிதப்பு ஒரு பக்கம், பாகுநிலையும் வெப்பக் கசிவும் மறுபக்கம் என்று நிறுத்தினார். பாகுநிலை என்பது பாய்மத்தின் பிசுபிசுப்பு. தேனுக்கு அதிகம், தண்ணீருக்குக் குறைவு. சூடான துளி எழும்ப முயலும்போது பிசுபிசுப்பு அதைப் பிடித்து இழுக்கும். வெப்பமும் பக்கவாட்டில் கசிந்துபோய் அதன் லேசுத்தன்மையைத் திருடும். இந்தப் போட்டி முழுவதையும் ஒரே எண்ணில் அடக்கினார். இன்று அதை ரேலே எண் என்கிறோம். அது ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் அடியில் சூடும் மேலே குளிர்ச்சியுமாக இருந்தும் பாய்மம் அசையாது; வெப்பம் கடத்தலால் மட்டுமே ஏறும். எல்லையைத் தாண்டினால் உருளத் தொடங்கும்.

ரேலே இன்னொரு சலுகையும் எடுத்துக்கொண்டார். மேலும் கீழும் வழுவழுப்பான, உராய்வே இல்லாத பரப்புகள் என்று வைத்தார். கணக்கு எளிதாகும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. அவருக்குக் கிடைத்த எல்லை 657. பிறகு 1920களில் ஹெரால்ட் ஜெஃப்ரீஸ் நிஜத் தட்டுகள்போல ஒட்டிக்கொள்ளும் பரப்புகளை வைத்துப் போட்டபோது எல்லை 1,708க்கு ஏறியது. 1935இல் ஷ்மிட், மில்வர்டன் இருவரும் இரண்டு தட்டுகளுக்கிடையே தண்ணீரை வைத்து வெப்ப ஓட்டத்தை அளந்தார்கள். வெப்பநிலை வித்தியாசத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வெப்ப ஓட்டம் நேர்கோட்டில் ஏறுகிறது. ஓரிடத்தில் கோடு சட்டென்று மடிகிறது. கடத்தலோடு சலனமும் கைகோக்கும் இடம் அது. அவர்கள் கண்ட எண் 1,770; சோதனைப் பிழைக்குள் 1,708 அடங்கிவிடுகிறது. காகிதத்தில் போட்ட தோராயமும் தட்டுகளுக்கிடையே நடந்ததும் ஒத்துப்போயின.

வேடிக்கை என்னவென்றால், ரேலே விளக்கப் புறப்பட்ட பெனாரின் அறுகோணங்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தவே இல்லை! ரேலே எண்ணில் படலத்தின் கனம் மூன்றுமுறை பெருக்கப்படுகிறது. ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரில் பத்து டிகிரி வித்தியாசத்துக்கு அது கோடிக் கணக்கில் நிற்கும். ஒரு மில்லிமீட்டராக்கினால் ஒன்றேகால் லட்சம் மடங்கு சுருங்கிச் சில நூறாகிவிடும். பெனாரின் மெல்லிய படலம் ரேலேயின் சட்டப்படி அசையவே கூடாது.

அசைத்தது யார்? பரப்பு இழுவிசை. நீர்ச்சிலந்தியை நீர்மேல் நிறுத்துகிற அதே விசை. சூடான இடத்தில் அது தளரும், குளிர்ந்த இடத்தில் இறுகும். இறுகிய இடம் மேற்பரப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். 1956இல் மைரன் பிளாக் என்பவர் இப்படி ஓடிக்கொண்டிருந்த படலத்தின்மேல் சிலிக்கோனை ஒரே மூலக்கூறு அடுக்காகப் பரவவிட்டார். ஓட்டம் நின்றது. அடியில் சூடு அப்படியேதான் இருந்தது. மேற்பரப்பின் இழுவிசை மட்டும்தான் மாறியது. 1958இல் பியர்சன் அதற்கான கணக்கைக் கொடுத்தார். 1972இல் அப்போலோ 17 விண்கலத்தில், எடையே ஏறக்குறைய இல்லாத இடத்தில், எண்ணெய்ப் படலத்தைச் சூடாக்கிப் பார்த்தார்கள். மிதப்புக்கு அங்கே வேலையே இல்லை. அறைகள் அங்கும் தோன்றின.

ரேலே சொல்லிவிட்டுச் செய்த எளிமைகள் எதுவும் அவரைக் கவிழ்க்கவில்லை. அடர்த்தியை நிலையாக வைத்தது சரியாகவே இருந்தது. வழுவழுப்பான தரையைப் பின்னால் வந்தவர்கள் மாற்றிக்கொண்டார்கள். கவிழ்த்தது அவர் எழுதாமல் விட்ட அனுமானம். மேற்பரப்பு வெறும் எல்லைக்கோடு, அதற்கென்று விசை எதுவும் இல்லை என்பது. பட்டியலில் இருப்பதை யாராவது ஒருநாள் சரிபார்ப்பார்கள். இல்லாததைச் சரிபார்க்க நாற்பது ஆண்டுகள் பிடித்தன. என்றாலும் அடியில் சூடேறும் பாய்மத்துக்குப் 'பெனார் கணக்கு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். சந்திரசேகர் 1961இல் வெளியிட்ட பாய்ம நிலைப்புத்தன்மை பற்றிய பெருநூலும் அந்தக் கணக்கைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறது. பிறகு அதைச் சுழலவிட்டும், காந்தப்புலத்தில் வைத்தும் பார்க்கிறது.

பூசினெஸ்க் செல்லாத இடங்களும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி உயரத்துக்கு எழும்பும் காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே அழுத்தம் குறைவதால் விரியும். விரிந்து தள்ளும் வேலைக்குத் தன் வெப்பத்தையே செலவழிக்கும். ஈரம் சுருங்கி மேகமாகாதவரை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய பத்து டிகிரி குளிரும். மூன்று மீட்டர் உயரமுள்ள அறையில் இது 0.03 டிகிரி, யாரும் கவலைப்பட வேண்டாம். மலைச்சரிவில் அதை விட்டால் கணக்கே இல்லை. அகல் விளக்கின் சுடரில் ஆயிரம் டிகிரியைத் தாண்டிய வாயுவின் அடர்த்தி அறைக்காற்றின் நாலில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். கூழாங்கல் வாளியையே விழுங்கிய நிலை. நம் காலடியில், 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை பாறையே மெல்லப் புரண்டுகொண்டிருக்கும் பூமியின் மூடகத்தில், இரண்டரைக் கோடியில் ஒன்று என்று நாம் தள்ளிவிட்ட உராய்வு வெப்பம், மேலே போகும் வெப்பத்தில் பாதியை நெருங்கும் அளவுக்கு வளர்ந்து நிற்கிறது. ஐந்து சென்டிமீட்டரில் சில்லறையாக இருந்தது அந்த ஆழத்தில் பெரிய நோட்டாகிவிடுகிறது.

தண்ணீரிலும்கூட அடர்த்தி அடங்கிக் கிடக்கும்போது இன்னொன்று துள்ளும். 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது தண்ணீரின் அடர்த்தி ஒன்றரை சதவீதம்தான் குறைகிறது. பாகுநிலை பாதிக்கும் கீழே விழுந்துவிடுகிறது. தோராயத்தில் இரண்டுமே மாறாதவை. அதனால் தோராயத்தின் உலகத்தில் மேலும் கீழும் கண்ணாடியில் பார்த்ததுபோலச் சமச்சீர். அடித்தட்டு 60, மேல்தட்டு 20 என்றால் வேகமாகக் கலங்கும் நடுப்பகுதி மிகச் சரியாக 40 காட்ட வேண்டும். 2006இல் குந்தர் ஆலர்ஸும் அவருடைய கூட்டாளிகளும் நிஜத் தண்ணீரில் வெப்பமானியை நடுவில் வைத்து அளந்தார்கள். 40க்கு மேலே காட்டியது. அடியில் சூட்டில் இளகிய நீர் தட்டை ஒட்டி மெல்லிய படலமாகவும், மேலே குளிரில் தடித்த நீர் சற்றுக் கனத்த படலமாகவும் நிற்கின்றன. கனத்த படலம் வெப்பநிலை இறக்கத்தில் பெரிய பங்கை எடுத்துக்கொள்வதால், நடுவில் உள்ள தண்ணீர் அடித்தட்டின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அடியிலிருந்து மேலே போகும் மொத்த வெப்பமோ, தோராயம் சொன்னதிலிருந்து அநேகமாக விலகவே இல்லை.